பழைய நேரத்தில் ஓடிய சந்திரன்

பிரபஞ்சம் எப்படி உண்டானது என்ற கேள்வியை எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்கு எடுப்பார்கள். ஆறு மணி என்பது புது நேரத்தில். பழைய நேரத்தில் அது ஐந்தரை. இந்த விளக்கத்தைக் கொடுக்காமல் அந்தக் காலத்துத் திருகோணமலையைப் பற்றி ஒரு வரியும் எழுத முடியாது.

யுத்த வருடங்களின் நடுவில் ஒருநாள் அரசாங்கம், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று, நாடு முழுவதற்குமாக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. சில மாதங்களில் மனம் மாறி அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மற்ற அரை மணித்தியாலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. பட்டினம் முணுமுணுத்துவிட்டுப் புது நேரத்துக்கு மாறியது. ஆனால் கொட்டியாரக் குடாவின் அந்தப் பக்கத்தில், அரசாங்கத்தின் கை எட்டாத ஊர்களில், பழைய நேரமே நடந்தது. ஒரே குடாவில் ஒரே சூரியன் இரண்டு நேரத்தில் எழும்பத் தொடங்கியது.

நான் பட்டினத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு ரீச்சர். பிறந்த ஊர் அந்தப் பக்கம். அம்மாவைப் பார்க்கப் போவதென்றால் லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போய், அங்கிருந்து சைக்கிளிலோ உழவு இயந்திரத்திலோ போகவேண்டும். கடைசி ஆமிச் சென்றிச் சாவடியில் பத்து மணிக்கு அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, ஒரு வெற்று வெளியைக் கால்மணித்தியாலம் நடந்து கடந்தால், மறுபக்கத்துப் போராளிகளின் காவலரணில் நேரம் ஒன்பதே முக்கால். புறப்பட்ட நேரத்துக்கு முன்னமே போய்ச் சேர்கிற அந்தச் சித்து எங்களுக்குக் கைவந்திருந்தது. நடுவில் உள்ள வெளியில் என்ன நேரம் என்று என் கணவர் அடிக்கடி கேட்பார். அங்கே எருமைகள் மட்டும் மேய்ந்தன. அவை எவரிடமும் நேரம் கேட்டதாகத் தெரியவில்லை.

கணவர் துறைமுகத்தில் களஞ்சிய எழுதுவினைஞர். கப்பல்காரர் கிறீனிச் நேரத்தில் கணக்கு வைப்பவர்கள் என்பதால் அவருக்கு மூன்றாவதாகவும் ஒரு நேரம் இருந்தது. அவர் வீட்டுக்கு வரும் நேரம் மூன்றில் ஒன்றுக்கும் பொருந்தாது. வந்ததும் தேத்தண்ணியோடு முன்விறாந்தைக் கதிரையில் சாய்ந்து, அட்டை கிழிந்த ஒரு தடித்த விஞ்ஞானப் புத்தகத்தை மடியில் விரிப்பார். எதிர்க் கதிரையில் என் தம்பி இருப்பான். பட்டினத்தை ஒட்டிய பாலையூற்றில் எங்களோடுதான் தங்கியிருந்தான். பட்டினத்தில் ரேடியோ திருத்தும் கடை ஒன்றில் வேலை. இருவருக்கும் அரசியல் கதைக்கப் பயம், சுவருக்கும் காது இருந்த காலம். மழை, மீன் விலை எல்லாம் சுற்றிச் சுற்றி அரசியலில் போய் முட்டின. அப்படிப் பார்த்தால் பாதுகாப்பாகக் கதைக்கக்கூடியதென்று மிஞ்சியது பிரபஞ்சத்தின் தோற்றம் ஒன்றுதான். அதைப்பற்றி எவரும் எவரையும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை.

கணவரின் கட்சி, எல்லாம் தானாகவே தொடங்கியது என்பது. ஊசிமுனையிலும் சிறிய ஒன்றிலிருந்து விரிந்து, இன்னும் விரிந்துகொண்டே போகிறதாம். எவ்வளவு காலமாக என்று கேட்டால் ஆயிரம் கோடி வருடம் என்பார். ஆயிரத்து ஐந்நூறு கோடியாகவும் இருக்கலாம் என்பார். ஐந்நூறு கோடி வருடம் முன்பின்னாக இருந்தாலும் விஞ்ஞானிகளுக்குப் பரவாயில்லையாம். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தம்பி விடாமல் கேட்பான். முன்னால் என்று ஒன்று இல்லை, நேரமே அப்போதுதான் தொடங்கியது என்பார் இவர். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, தொடங்கியது பழைய நேரமா புது நேரமா என்று கேட்பான்.

தம்பியின் கட்சி, இறைவன் உடுக்கையை அடிக்க அந்த ஒலியிலிருந்து எல்லாம் பிறந்தது என்பது. ரேடியோ திருத்துகிறவனுக்கு ஒலியிலிருந்து எதுவும் வரும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. உடுக்கை எதிலிருந்து வந்தது என்று கணவர் மடக்குவார். ஊசிமுனை எதிலிருந்து வந்தது என்று இவன் திருப்பி மடக்குவான். குசினியில் சீனிப் பேணி எங்கே இருக்கிறது என்று தெரியாத இரண்டு ஆம்பிளைகள், உலகம் எங்கிருந்து வந்தது என்று இருட்டும்வரை சண்டை பிடிப்பார்கள். நான் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருப்பேன். என் அபிப்பிராயத்தை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், யார் தொடங்கினார்களோ அவர்களே கூட்டித் துப்புரவாக்கிவிட்டும் போயிருக்கலாம் என்று சொல்லியிருப்பேன்.

தம்பியைப்பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். அரசியல் கதையை விட்டால் வேறெதற்கும் பயப்படாதவன், ஆனால் இராகு காலத்துக்குப் பயம். அது பழைய நேரத்திலா புது நேரத்திலா என்ற குழப்பத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து நாளுக்கு இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருப்பான். ஒருதடவை ஆமியின் சுற்றிவளைப்பில் லொறியில் ஏறச் சொன்னபோது, இன்னும் ஏழு நிமிடம் பொறுக்க முடியுமா என்று கேட்க வாயெடுத்தானாம். பக்கத்தில் நின்றவர் பொத்திவிட்டார். பஞ்சாங்கம் அவனுடைய பையில் எப்போதும் இருக்கும். அடையாள அட்டையை மறந்தாலும் அதை மறக்கமாட்டான்.

எனக்குப் பிள்ளை கிடைக்கப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து பிரபஞ்சம் கொஞ்சம் பின்னுக்குப் போய்விட்டது. தம்பி தான் வேலை செய்த கடையிலிருந்து பழைய ரேடியோப் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து தொட்டில் ஒன்று செய்தான். அதற்கு மூன்று தடவை வார்னிஷ் பூசினான். நல்ல நாள் பார்த்துத்தான் முதல் ஆணியே அடித்தான். எங்கள் அப்பா உயிரோடு இல்லை; எனக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருவன்தான். தாய்மாமன் என்ற உத்தியோகத்துக்கு இவ்வளவு ஆயத்தம் செய்த ஒருவனை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை.

ஏழாம் மாதம் அம்மாவிடம் போனேன். கடைசி மாதம் திரும்பிவந்து பட்டினத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பெறுவதாக ஏற்பாடு. ஏற்பாட்டை நாங்கள் போட்டோம், கடலில் சண்டை தொடங்கியது, லோஞ்ச் நின்றது. கணவரும் தம்பியும் பட்டினத்துக் கரையில், நான் இந்தக் கரையில். ஊரில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில், ஒரு மருத்துவிச்சியின் கையில், ஒரு பின்னேரம் மகள் பிறந்தாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து மருத்துவிச்சி "நாலு பத்து" என்று சத்தமாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அந்த நேரத்தில் வேறு வேலையாக இருந்தேன். பழைய நேரமா புது நேரமா என்று கேட்கத் தோன்றவில்லை.

அம்மா மருத்துவிச்சி எழுதிக்கொடுத்த துண்டை எடுத்துக்கொண்டு ஊர்ச் சாத்திரியாரிடம் போனாள். திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. அன்று பழைய நேரம் மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கார்த்திகை நட்சத்திரம் முடிந்து ரோகிணி பிறந்துவிட்டதாம். ரோகிணியில் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மூன்று வயது முடியும்வரை மாமன் பிள்ளையின் முகத்தில் முழிக்கவே கூடாது என்று சாத்திரியார் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை எழுதிக்காட்ட முடியாது. அந்த வருடத்தில் திருகோணமலையில் ஒரு இளம் ஆம்பிளை சாவதற்கு என்னென்ன வழிகள் இருந்தன என்று அம்மாவுக்குத் தெரியும். ஷெல் இருந்தது, மிதிவெடி இருந்தது, கடல் இருந்தது, பிடித்துக்கொண்டு போகிற வெள்ளை வான் இருந்தது. இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அம்மா பயந்தது, ஆறு இறாத்தல் எடையில், கையைக்கூட நேராக நீட்டத் தெரியாமல், துணிக்குள் கிடந்த ஒன்றுக்கு. பிறகு நினைத்தால் விளங்குகிறது. மற்றவற்றை அவளால் தடுக்க முடியாது. இதைத் தடுக்கலாம்.

பத்து நாள் கழித்து லோஞ்ச் திரும்ப ஓடியது. கணவர் முதல் லோஞ்சில் வந்தார். தம்பி வரவில்லை, வரவேண்டாம் என்ற அம்மாவின் கடிதம், காட்டுப் பாதையால் சுற்றிப் போன யாரோ ஒருவரின் கையில், முன்னமே அவனுக்குப் போயிருந்தது. கணவர் கொண்டுவந்த செய்தி வேறு. தம்பிக்குக் கட்டாரில் வேலைக்கு விசா வந்துவிட்டது. பிள்ளையின் இருபத்தாறாம் நாள் விமானம், ஒப்பந்தம் மூன்று வருடம். முப்பத்தோராம் நாள் துடக்குத் தீட்டுக் கழியாமல் பிள்ளை வீட்டுப் படலை தாண்டாது. ஆகவே அவன் இங்கே வந்து பார்த்தால்தான் பார்த்தது. அல்லது அவள் நடந்து, கதைத்து, இவன் யார் என்று கேட்கிற வயதில் வந்து பார்க்கவேண்டும். அவன் அங்கே தொட்டிலுக்கு நாலாந்தரம் வார்னிஷ் பூசுகிறான் என்று கணவர் சொன்னார். அதைக் கேட்டு நான் அழுதேன்.

கணவர் அம்மாவுக்கு விளங்கப்படுத்த முயன்றார். இருந்த அறிவையெல்லாம் கொட்டினார். சந்திரன் ஒரு கல் என்றார். ஏறக்குறைய நாலு இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் கிடக்கிறது என்றார். ரோகிணி அதைவிடப் பல கோடி மடங்கு தள்ளி, அங்கிருந்து வெளிச்சம் வந்துசேரவே எத்தனையோ வருடம் என்றார். அம்மா முழுவதையும் மரியாதையாகக் கேட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்தே இங்கே வெளிச்சம் வருகிறதென்றால் அதற்கு எவ்வளவு பலம் இருக்கவேண்டும் என்று கேட்டாள். அவர் அடுத்த லோஞ்சில் பட்டினம் திரும்பினார்.

விஞ்ஞானத்தால் ஆகாதது வேறொன்றால் ஆகும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. மணிக்கூடு புது நேரத்தில் ஓடியிருந்தால், நாலு பத்து என்பது உண்மையில் மூன்று நாற்பது. மூன்று நாற்பதில் சந்திரன் இன்னும் கார்த்திகையில்தான். மருத்துவிச்சி அரசாங்க உத்தியோகத்தர், ஆஸ்பத்திரி அரசாங்கத்து ஆஸ்பத்திரி. அரசாங்கச் சுவரில் அரசாங்க நேரம் ஓடியிருக்கக்கூடாதா? பிள்ளைக்கு வசம்பு கட்ட மருத்துவிச்சி வீட்டுக்கு வந்தபோது, அம்மா குசினியில் நின்ற நேரம் பார்த்துக் கேட்டேன். அவர் நேர்மையான மனுசி. மேலிடத்துக்குப் போகும் புத்தகத்தில் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நாலு நாற்பது என்று எழுதியதாகவும், சுவர் மணிக்கூடு ஊர் நேரத்தில், அதாவது பழைய நேரத்தில்தான் எப்போதும் ஓடுவதாகவும் சொன்னார். ஆக, ரோகிணிதான். பதினெட்டு நிமிடத்தால் ரோகிணி.

அவர் போனதும் அம்மாவைக் கூப்பிட்டு, சுவர் மணிக்கூடு புது நேரமாம், மருத்துவிச்சி இப்போதுதான் சொல்லிவிட்டுப் போகிறார் என்றேன். கணக்குப் படிப்பிக்கிற வாயால் அவ்வளவு சுத்தமாக ஒரு பொய் வந்ததில் எனக்கே கொஞ்சம் வியப்பு. அந்தக் காலத்தில் அரை மணித்தியாலம் பிழைப்பது எவருக்கும் நடக்கும். கலியாணம் பார்க்க வந்தவர்கள், தாலி கட்டி முடிந்துவிட்டதால் நேரே சாப்பாட்டுப் பந்தியில் போய் இருந்ததும், பந்திக்கு வந்தவர்கள் வாசலில் அரை மணித்தியாலம் காவல் நின்றதும் உண்டு. அதனால் என் பொய்யை ஆராய்ந்து பார்க்க அம்மாவுக்குத் தோன்றவில்லை. செருப்பையும் போடாமல் சாத்திரியார் வீட்டுக்கு ஓடினாள்.

சாத்திரியார் ஒரு துளியும் கலங்கவில்லையாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மூன்று நாற்பதுக்குக் கணித்து, கார்த்திகை என்று கண்டு, இந்தப் பிள்ளையால் மாமனுக்கு யோகம், கடல் கடந்த சம்பாத்தியம் என்று சொல்லி அனுப்பினார். முதல் குறிப்புக்கு வாங்கிய தட்சணையைத் திருப்பித் தரவில்லை. இப்படியாக நான் ஒரு வசனத்தால் சந்திரனைப் பின்னுக்குத் தள்ளினேன். அரசாங்கத்துக்கு அதே வேலைக்கு ஒரு மந்திரிசபை தேவைப்பட்டது.

அம்மாவே தம்பிக்கு எழுதினாள், நேரம் பிழைத்துவிட்டது, வந்து பார்த்துவிட்டுப் போ என்று. ஒரு இளம் ஆம்பிளை பட்டினத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துபோக இரண்டு பக்கத்திலும் அனுமதி வேண்டும். விசா கையில் இருக்கும் ஒருவன் அப்படி வருவது விசர் வேலை. ஏதாவது ஒரு பக்கம் திரும்பவிடாமல் வைத்துக்கொண்டால் விமானம் போய்விடும், மற்றதெல்லாமும் போய்விடும். அதைப்பற்றி நாங்கள் எவரும் கதைக்கவில்லை. ரோகிணி விலகியதே பெரிய ஆறுதலாக இருந்தது.

பிள்ளையின் இருபத்திரண்டாம் நாள், மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தான். வரக் கொஞ்சம் பிந்தியிருந்தான், முகம் வியர்த்திருந்தது. கிணற்றடியில் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்து கையை நீட்டினான். பிள்ளையை வாங்கியவன் பின்னேரம்வரை கீழே வைக்கவில்லை. அவள் அவனுடைய வேட்டியை இரண்டு தடவை நனைத்தாள். சாப்பாட்டை அம்மா ஊட்டிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உலகம் எப்படித் தொடங்கியது என்று அன்றைக்கு எவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

மூன்றரைக்கு அவன் வெளிக்கிட்டான். கடைசி லோஞ்சுக்கு முன் சென்றியைத் தாண்டவேண்டும். அம்மா அவனுக்குக் கட்டிக்கொடுக்க உள்ளே பலகாரம் தேடிக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையோடு படலைவரை வந்தேன். அவன் இரவல் சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். அப்போது என்னால் உண்மையை மனதுக்குள் வைத்திருக்க முடியவில்லை. அவனுக்கு இதிலெல்லாம் எவ்வளவு நம்பிக்கை என்று எனக்குத் தெரியும். அவனுடைய நம்பிக்கையை ஏமாற்றி, அவன் பயப்படுகிற ஒன்றை அவன் கையிலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறேன் என்பது அன்று முழுக்க என்னை அரித்தது.

"தம்பி, அம்மாவுக்குப் பொய் சொல்லிப்போட்டன். இவள் ரோகிணிதான்" என்றேன்.

அவன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

"தெரியும் அக்கா. வரேக்கை ஆஸ்பத்திரியிலை இறங்கி மருத்துவிச்சியிட்டைக் கேட்டனான். பஞ்சாங்கத்தையும் பாத்தனான்."

"தெரிஞ்சுகொண்டே வந்தனீ?"

"எனக்குத்தானே ஆகாது எண்டு கிடக்கு. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அதை நல்லாப் பாத்திட்டுத்தான் வந்தனான்."

அம்மா பலகாரப் பொட்டலத்தோடு ஓடிவந்தாள். அவன் அதைக் கைபிடியில் மாட்டிக்கொண்டு, பிள்ளையின் உள்ளங்காலை ஒருதடவை பிடித்துப் பார்த்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனான். அம்மாவுக்கு முன்னால் நான் அழக்கூடாது என்பதால் பிள்ளைக்குப் பசிக்கிறது என்று உள்ளே போனேன்.

தம்பி இன்றைக்கும் நலமாக இருக்கிறான். வயிறு வைத்துவிட்டது, சீனி வருத்தமும் உண்டு. அதற்கு ரோகிணியைக் குற்றம் சொல்ல முடியாது, எல்லாம் பிரியாணி. ஆனால் அவன் கட்டாரில் இருந்த அந்த மூன்று வருடமும், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியாது. முப்பத்தொன்று கழித்துப் பட்டினத்துக்கு வந்த முதல் சனிக்கிழமை, சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றி நவக்கிரகத்தை ஒன்பது தடவை சுற்றினேன். மகளுக்கு மூன்று வயது முடியும்வரை ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. விரலை மடித்து எண்ணி எண்ணித்தான் சுற்றினேன், ஒன்று குறைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இதை நான் என் கணவருக்கு இன்றுவரை சொல்லவில்லை.